முதல் சீட்டு

செம்மறிப் பண்ணைகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் 'ட்ரை', அதாவது காய்ந்தது, என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டே ஆயுசை ஓட்டிவிடலாம். மழை பொய்த்த வருஷம் ட்ரை. குட்டி இல்லாத ஆடு ட்ரை. சிரிக்காமல் கேலி பேசுகிறவன் பேச்சும் ட்ரை. பியர் கொண்டுவரக் கூடாது என்று முதலாளி தடுத்த கொட்டகை ட்ரை; அங்கேதான் ரோமம் கத்தரிக்கும் ஆறு பேருக்கு நான் சமைத்துப் போட்டேன். அந்த ஆறு பேரில் குடியை விட்ட மெர்வும் ட்ரை.

மெர்வ் பிகட்டைப்போல் செம்மறியைக் காயம் படாமல் கத்தரிப்பவன் கிடையாது. பெண்டாட்டியையும் வீட்டையும் குடித்தே தொலைத்தவனும் அவன்தான். மகள் கெரின் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: இந்தக் கொட்டகை வேலை முடியும்வரை தொடாமல் இருந்தால் சனிக்கிழமை வந்து அழைத்துப் போவேன், பேரனைத் தூக்கலாம் என்று. அதற்காகவே டீயாகக் குடித்துத் தள்ளினான்.

வியாழக்கிழமை நாலு வருஷப் பஞ்சம் உடைந்து மழை கொட்டியது. மறுநாள் ஆடெல்லாம் தொப்பல். ஈர ஆட்டைக் கத்தரித்தால் கத்தரிப்பவன் உடம்பெல்லாம் கொப்புளம் வரும் என்பார்கள். அதனால் ஆளுக்கு இரண்டு ஆட்டைக் கத்தரித்துப் பார்த்து, ஈரமென்றால் 'வெட்', காய்ந்திருந்தால் 'ட்ரை' என்று சீட்டெழுதித் தொப்பியில் போட வேண்டும். வெட் ஜெயித்தால் வேலை இல்லை. எல்லாரும் டவுன் பாருக்குப் போய்விடுவார்கள்.

மூன்றுக்கு மூன்று விழுந்தது.

"எவன்டா அந்த மூணு அறிவாளி?" என்று, ஆறு பேரில் ஒருவனும் தொப்பியில் சீட்டு வாங்கியவனுமான கோல் கத்தினான். "ஆட்டப் பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி வரும்டா!"

வழக்கப்படி இன்னும் இரண்டிரண்டு ஆடு. மறுபடியும் சீட்டு. இந்தத் தடவை வெட் நாலு. கோல் துள்ளிக் குதித்து லாரியைக் கிளப்பினான்.

நான் ஓடிப்போய் மெர்வின் சட்டையைப் பிடித்தேன். "நீ எங்கயும் போகாத. கறி வறுத்துத் தர்றேன், இங்கயே கெட."

"விடு ஐரிஸ். மாத்திப் போட்டது நாந்தான்."

"என்னய்யா சொல்ற?"

"மொத தடவ ட்ரைன்னுதான் எழுதுனேன். ரெண்டாவது தடவ கை கேக்கல. ராத்திரி பூரா தகரத்து மேல மழ. மண்ணு குடிக்குது, ஆடு குடிக்குது... நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

என் பிடியை உதறிக்கொண்டு லாரியில் ஏறினான்.

சாயங்காலம் ஐந்து பேர்தான் திரும்பினார்கள். மெர்வ் பாரை விட்டு வர மறுத்துவிட்டானாம். பிறகு தனியே நடந்து வந்திருக்கிறான் போலிருக்கிறது. வழியில் ஓடை பெருகி ஓடிக்கொண்டிருந்தது. விடிந்ததும் கம்பிவேலியில் பிணமாகச் சிக்கிக் கிடந்தவனைக் கோல்தான் தூக்கி வந்தான்.

கெரின் அன்று மத்தியானம் வந்தாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. வாசலிலேயே விஷயத்தைச் சொன்னோம். வெகுநேரம் அழுதாள். பிறகு நிமிர்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பாவே ஆசப்பட்டுப் போனாரா, ஐரிஸ்? இல்ல, இவனுங்க ஓட்டுப் போட்டு இழுத்துட்டுப் போனானுங்களா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். செத்தவனுக்கு இனி என்ன, இவளல்லவா இதைச் சுமந்துகொண்டு பிள்ளை வளர்க்க வேண்டும்?

"உங்கப்பா ட்ரைன்னுதாம்மா எழுதினாரு" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. கெரின் கோலின் பக்கம் திரும்பி, "கொலகாரப் பாவி" என்றாள். சீட்டு வாங்கிய அதே தொப்பியைக் கையில் கசக்கியபடி, அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான்.