குழியா, சமாதியா

எகிப்துக்குப் போகலாம் என்று நான் சொன்னதும் தம்பி கேட்ட முதல் கேள்வி, "மம்மியப் பாக்க மம்மியையும் கூட்டினு போறோமா க்கா?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது புரியவில்லை. மம்மி என்றால் என்ன என்று நான் சொன்னேன். செத்துப்போன ராஜாவின் உடம்பை உப்பில் போட்டு உலர்த்துவார்கள், துணி சுற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள், மேலே மலை மாதிரி கல்லை அடுக்கிவிடுவார்கள்.

அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கருவாடு மாதிரியா?"

"கருவாடு மாதிரிதான்."

"அதப் பாக்கவா இம்மாம் தூரம்?"

கன்னட ஊரில் தமிழர்கள் நெருங்கி வாழும் ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. அம்மா கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாள். தம்பி ஆட்டோ ஓட்டுகிறான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். நான் கல்லூரி கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு காலையில் மூட்டையோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தது நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அலுவலகத்தில் வீடு எங்கே என்று கேட்டால் பஸ் நிலையம் இருக்கும் மெஜஸ்டிக் பக்கம் என்று மழுப்பமாட்டேன், ஸ்ரீராம்புரம் என்றுதான் சொல்வேன். லீவு கேட்டால் ஊருக்கா என்று கேட்பார்கள். இந்த முறை குடும்பத்தோடு எகிப்து என்றேன். எகிப்தா என்று திரும்பக் கேட்டார்கள். அப்படிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

எகிப்து ஏன் என்றால், அப்பாவால்தான். அவருக்கு எழுத்து தெரியாது. என் பாடப்புத்தகங்களை வாங்கிப் படம் மட்டும் பார்ப்பார். சரித்திரப் புத்தகத்தில் ஒரு பிரமிடு இருந்தது.

"இது எந்த ஊரு கோயிலு?"

"கோயில் இல்லப்பா. சமாதி."

"ஒரு ஆளுக்கா?" என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நமக்கெல்லாம் குழிதான். நீ பெரிய ஆளானா ஒரு தபா கூட்டினு போய்க் காட்டு. உள்ள எப்டி இருக்குன்னு பாக்கலாம்."

எங்கள் பக்கத்தில் குழியும் சமாதியும் ஒன்றல்ல. தோண்டிப் புதைத்து மண்ணை மேடாகக் குவித்தால் அது குழி. அதன்மேல் சிமெண்டு மேடை கட்டிப் பெயர் வெட்டிய கல் வைத்தால் சமாதி. அப்பாவுக்குக் கிடைத்தது குழி. தலைமாட்டில் ஒரு கருங்கல்லை நட்டு, அடையாளத்துக்கு நீலப் பெயிண்ட் அடித்தோம். பிறகு நான் சம்பாதிக்கத் தொடங்கி மேடை கட்டலாம் என்று ஆபீசில் கேட்டபோது, இடம் இல்லை, இனி சிமெண்டுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அம்மா சொந்தக்காரர்களிடம் பேசும்போது "அவரு சமாதி" என்றுதான் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்காருவோம். பயணத்தை நான்தான் திட்டமிட்டேன். முதலில் கெய்ரோ, பிரமிடுகள். பிறகு இரவு ரயிலில் லக்ஸர். அங்கே ராஜாக்களின் பள்ளத்தாக்கு, மலையைக் குடைந்து வரிசையாகச் சமாதிகள். அங்கே குளிர்காலம் முடிகிற சமயம் போனால் அம்மா வெயிலைத் தாங்குவாள். அலுவலக விடுமுறைப் பட்டியலில் சிவராத்திரி இருந்தது. அதோடு சனி, ஞாயிறைச் சேர்த்தால் கொஞ்சம் லீவே போதும். டிக்கெட் போட்டேன்.

அம்மாவின் சந்தேகங்கள் வேறு வகையாக இருந்தன.

"ஒரு நாளைக்கு எத்தன சமாதி பாப்போம்?"

"அஞ்சாறு."

"ஒவ்வொண்ணுக்கும் தலைக்குக் குளிக்கணுமே. குளிக்காம எப்டி சோறு துன்றது?"

"பழைய சமாதிக்கெல்லாம் தீட்டு இல்ல மா," என்றான் தம்பி. "எக்ஸ்பைரி ஆயிருக்கும்."

"வாய மூடு. அங்க யாரு அவங்களுக்குப் படைக்கறாங்க?"

யாரும் படைப்பதில்லை என்றேன். அந்த ராஜாக்களுக்கும் இதே பயம் இருந்திருக்கிறது, சோறு போட ஆள் வராமல் போனால் என்ன செய்வது என்று. அதனால்தான் சுவரிலேயே ரொட்டி, வாத்து, மாட்டுத்தொடை, திராட்சை என்று வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அம்மா மூக்கை ஒட்டினாற்போல் வந்து பார்த்தாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வவுறு ரொம்பாதே."

பிரமிடுக்குள் இப்போது யாரும் இல்லை, திருடர்கள் எப்போதோ தோண்டிவிட்டார்கள், மிஞ்சிய உடம்புகளை மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். 

அந்த வாரம்தான் சந்துக்குள் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. அங்காளம்மன் கோயில் திருவிழா, சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை, பொதுமக்கள் அனைவரும் வருக. தம்பி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான்.

"க்கா, நம்ம டிக்கெட்டு என்னிக்கு?"

சிவராத்திரி அன்றைக்கே கிளம்புகிற டிக்கெட். அலுவலகப் பட்டியலில் சிவராத்திரி உண்டு, மயானக் கொள்ளை கிடையாது. எங்கள் சந்தில் நேர்மாறு. சிவராத்திரிக்கு யாரும் கண் விழிப்பதில்லை, மறுநாள்தான் எல்லாம். அம்மன் மயானத்துக்கு ஊர்வலம் போவாள். பின்னாலேயே எல்லோரும் போய் அவரவர் ஆளின் மேட்டில் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். மயானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அன்றைக்கு ஒரு சுற்று வருவார். இலை விழுந்த குழி ஆள் உள்ள குழி. இலை விழாதது ஆள் இல்லாத குழி, அடுத்த சாவுக்கு அதைத் தோண்டிவிடுவார்கள். இது எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் தெரியாதவர்களும் இல்லை.

"நான் இலை போடாங்காட்டி அவரத் தோண்டிடுவாங்க," என்றாள் அம்மா. 

முந்தின ஞாயிறே போய்ப் படைத்துவிட்டு, காவல்காரரிடம் நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்றேன். அம்மாவுக்கு மனசில்லை. ஊருக்கெல்லாம் சோறு போடுகிற நாளில் அவர் இலை மட்டும் காலியாக இருக்குமே என்றாள். இருந்தாலும் தம்பியின் ஆட்டோவில் ஏறினாள்.

அப்பாவைப் புதைத்த பிறகு, திருவிழாக் கூட்டம் இல்லாத நாளில் நாங்கள் மயானத்துக்குப் போனதே இல்லை. அன்றைக்கென்றால் நெருக்கியடித்துக்கொண்டு நீலக் கல்லைத் தேடிப் போய் உட்காருவோம், சுற்றிலும் ஆட்கள் தலைதான் தெரியும். இப்போது இடம் முழுக்கக் கண்ணில் பட்டது. அம்மா கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உட்காரவில்லை.

"கொழா கால்மாட்டுல இல்ல இருந்துச்சு?"

"எந்தக் கொழா?" என்றான் தம்பி.

"பொதச்ச அன்னிக்கு நான் அந்தக் கொழாயப் புடிச்சுகினு நின்னேன். எதிர்ல அவரு காலு. இப்ப ஏன் அது பக்கத்துக் குழிகிட்ட இருக்கு?"

"கொழாய மாத்தியிருப்பாங்க மா."

காவல்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "கொழாய் எல்லாம் மாறல மா. கல்லத்தான் மாத்தினேன்."

அவர் எதையும் மறைக்கவில்லை. அந்த நோய் பரவிய வருஷம் மயானக் கொள்ளை நடக்கவில்லை. கூட்டம் கூடக் கூடாது என்று கேட்டைப் பூட்டிவிட்டார்கள். "யாருக்கும் இலை விழல. இலை விழாத குழி எல்லாம் எனக்கு ஒண்ணுதான். அப்புறம் பாத்தா ஆம்புலன்ஸ் வரிசையா கேட்டுல நிக்குது. நான் எங்க போவேன் மா?" கொழகொழவென்று இருந்த மண்ணில் எது சுலபமாகத் தோண்ட வந்ததோ அதைத் தோண்டியிருக்கிறார்கள். "நீங்க வந்து சும்னே தேடி அலையக் கூடாதுன்னு கல்ல மட்டும் பக்கத்துல நட்டு வெச்சேன்."

"இந்தக் கல்லுக்குக் கீழ யாரு?" என்றாள் அம்மா.

"ஹளே குழி. பழசு, யாருமே வராதது."

யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று நான் கன்னடத்தில் கேட்டேன், அலுவலகத்தில் பேசுகிற குரலில். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பதிலைத் தமிழில் அம்மாவிடம் சொன்னார்.

"சமாதி இருந்தா தொடமாட்டோம் மா. இது குழி."

அப்பாவின் எலும்புகளை வெளியே எறியவில்லை என்றும், அதே குழியில் ஓரமாக வைத்து, மேலேதான் அடுத்தவரை வைத்தோம் என்றும் சொன்னார். அம்மா தலையாட்டினாள். குழாயை ஒட்டிய மேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "இது அந்த மூக்குத்தி அம்மாவோடது இல்ல?"

எனக்கும் அந்த அம்மாளைத் தெரியும். சில வருஷங்களாக மயானக் கொள்ளையன்று எங்களுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். அந்த நோயில் மகனைப் பறிகொடுத்தவர். ஒவ்வொரு தடவையும் தீப்பெட்டி கொண்டுவர மறந்து அம்மாவிடம் கேட்பார்.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது அம்மா சிரித்தாள். "அந்தம்மா தயிர்சோறும் சர்க்கரைப் பொங்கலுந்தான் படைக்கும். கறி இல்லன்னா தட்டத் தூக்கி எறியற மனுஷன். இத்தன வருஷமா தயிர்சோறு தின்னுகினு கெடந்திருக்காரு." தம்பி கண்ணாடியில் அவளைப் பார்த்தான். பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடிக்கும்வரை அவன் ஆட்டோவை எடுக்கவில்லை.

வாசலிலேயே வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு நின்று சொன்னாள்.

"நான் வரல. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"இப்ப அங்க அப்பா கல்லுகூட இல்ல. யாருக்குப் படைக்கப் போற?" என்றேன்.

"அவருக்குத்தான். இப்பதான எங்க இருக்காருன்னு தெரிஞ்சுது."

"அப்பா பாக்கணும்னு கேட்ட எடம் மா அது."

"அது கல்லு. எங்கயும் போவாது. அதத் தோண்டிட்டு வேற ஆள வெக்க மாட்டான்."

"அங்கயுந்தான் தோண்டியிருக்கானுங்க," என்று தொடங்கிய தம்பியிடம் பேசாமல் இரு என்றேன்.

மூன்று டிக்கெட்டையும் ரத்து செய்தேன். அம்மாவை விட்டுவிட்டுப் பிரமிடு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள நான் படிக்கவில்லை. அலுவலகத்தில் கேட்டவர்களிடம், அப்பாவின் சமாதிக்குப் போக வேண்டியிருக்கிறது என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. மாற்றிச் சொல்லவில்லை.

மூக்குத்தி அம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், இரண்டு குடும்பமும் சேர்ந்தே படைக்கலாம் என்பது என் யோசனை. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அது புள்ளையப் பொதச்ச எடம். கீழ இன்னொருத்தர் கெடக்கறாருன்னு தெரிஞ்சா அந்தம்மா தூங்குமா? ஒரு துண்டு கறி ஓரமா வெக்கக் கேக்கறேன். அது போதும்."

மயானக் கொள்ளையன்று வறுத்த கறி, முட்டை, பீடிக்கட்டு, ஒரு குவார்ட்டர் எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். பம்பை மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. மூக்குத்தி அம்மாள் எங்களுக்கு முன்பே வந்து மேட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் குனிந்தாள்.

"ஏம்மா, ஒரு துண்டு கறி, இந்த ஓரத்துல வெக்கட்டா?"

"யாருக்கு?"

 வாரம் முழுக்க யோசித்தவள் இந்தக் கேள்வியை மட்டும் யோசிக்கவில்லை.

"என் பையன் மாலை போட்டவன் மா," என்றார் அந்த அம்மாள், கோபமில்லாமல். "கறி வாசனையே ஆகாது அவனுக்கு."

"சரி மா."

நீலக் கல்லின் முன்னால், யாரென்று தெரியாத அந்த ஆளுக்கு, அம்மா முழு இலையும் போட்டாள். ஒரு துண்டையும் திருப்பி எடுத்துவரவில்லை. பீடியைப் பற்றவைத்துக் கல்லின்மேல் வைத்தாள். பக்கத்திலிருந்து கை நீண்டது. "தீப்பெட்டி இருக்கா மா?" அம்மா கொடுத்தாள். காவல்காரர் இலைகளைப் பார்த்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்.

கற்பூரம் அணைந்ததும் அந்த அம்மாள் தன் படையலிலிருந்து ஒரு பிடி தயிர்சோற்றை இலைக்கிழிசலில் வைத்து எங்களுக்குக் கொடுத்தார், வருஷா வருஷம் கொடுப்பதுபோல. அம்மா வாங்கிக்கொண்டாள். சாப்பிடவில்லை. கை கழுவப் போகிறவள்போல எழுந்து குழாய்ப் பக்கம் நடந்தாள். அந்த மேடு முடிகிற இடத்தில், அப்பாவின் கால்மாட்டில், குனிந்து சோற்றை மண்ணில் வைத்தாள்.

பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய்த் திருகினேன். தண்ணீர் வரவில்லை.