பாடிக்கொண்டே தின்றால் திருட்டு இல்லை

திகனயில் எங்கள் வீட்டு வேலியோரம் ஒரு பப்பாசி மரம் நிற்கிறது. இன்று காலை கொண்டைக்குருவி ஒன்று வந்து, ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் பழத்தைக் கொத்தியது.

உடனே போட்டோ பிடித்து, "இன்றைய விருந்தாளி" என்று இங்கேயே போட்டேன். நீங்களும் இதயம் இதயமாக அள்ளிக் கொட்டினீர்கள்.

அரை மணி நேரம் கழித்து அதே மரத்தில் ஒரு குரங்கு. நடுவகிடு எடுத்துச் சீவிய தலை, கையில் ஒரு பழம். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த தும்புக்கட்டையோடு கத்திக்கொண்டு ஓடினேன்.

பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, குருவி திண்டா போட்டோ, கொரங்கு திண்டா தும்புக்கட்டையா?"

"குருவி பாடிட்டுத் திங்குது ராத்தா. இது திருட வந்திருக்கு!"

"நல்லா பாருங்க. கொரங்கு எடுத்தது குருவி கொத்திப் போட்ட மிச்சத்தத்தானே?"

பார்த்தேன். உண்மைதான். நல்ல பழம் மரத்திலேயே இருந்தது.

மத்தியானம் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் விசிலடித்துக்கொண்டே குசினிக்குள் வந்தார். விசில் நிற்கவில்லை, ஆனால் தட்டில் இருந்த பெரிய துண்டைக் காணவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இதே விசில், இதே பெரிய துண்டு.

கதவுக்குப் பின்னாலிருந்த தும்புக்கட்டையை எடுத்தேன்.

"என்ன புள்ள, இன்னைக்கு மட்டும் இப்படி?" என்று பின்வாங்கினார்.

"குருவி மாதிரி பாடிட்டுத் திண்டா திருட்டு இல்லன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டேங்க."

உங்கள் வீட்டில் இருப்பது எது, குருவியா, குரங்கா? விசிலில் மயங்காமல் பதில் சொல்லுங்கள்.