சவுக்கு வேரில் கத்தரிக்கோல்

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, புரட்டாசி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. தம்பி அதை ஞாயிறு என்பான். அன்று வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போட்டதை அவன் மறந்துவிட்டான்; நான் மறக்கவில்லை.

சதுரங்கப்பட்டினத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவே மணல்மேட்டில் எங்களுக்கு ஒரு துண்டுச் சவுக்குத் தோப்பு இருந்தது. மரங்களை வெட்டி லாரியில் ஏற்றிய பிறகு அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. இடத்தை மனையாக்கிவிடலாம் என்றார் அப்பா. மறுபடி சவுக்குதான் நட வேண்டும் என்றாள் அவருடைய அக்கா, எங்கள் அத்தை. பேச்சு முற்றிப் பந்தயமானது.

“தை பொறக்கிறதுக்குள்ள கன்னுங்க பச்சை கட்டலைன்னா மனைக்கல்லு நட்டுடுவேன்.”

“நட்டுக்கோடா. தோத்தியானா நாலு பேரு எதிர்ல ஒத்துக்கணும், இன்னா?”

நானும் தம்பியும் அத்தை கட்சி. தோப்பு போனால் நாங்கள் விளையாட வேறு இடமில்லை.

வெள்ளிக்கிழமை மாலை இருபது கட்டு நாற்று வந்திறங்கியது. ஈரச்சாக்கை விலக்கிப் பார்த்தேன். வேரெல்லாம் சின்னச் சின்ன இஞ்சித் துண்டுகள் போல முண்டு முண்டாக இருந்தது. நோய்தான் என்று முடிவு கட்டினேன். கத்தரிச் செடியின் வேரில் நூற்புழு முடிச்சு போடும், அதை அகற்றி எரித்துவிட வேண்டும் என்று பள்ளி நூலகத்தில் படித்திருந்தேன். ஐந்தாம் வகுப்பிலேயே அவ்வளவு படித்தவள் எங்கள் தெருவில் வேறு யாருமில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆளுக்கொரு கத்தரிக்கோலுடன் உட்கார்ந்தோம். பதினோரு கட்டு முடிந்தது. வெட்டிய முண்டுகளை, படித்தபடியே, அடுப்பில் போட்டேன். அத்தையை ஆச்சரியப்படுத்தலாம் என்று கூப்பிட்டேன்.

“இன்னாடி பண்ணி வெச்சிருக்கே!”

“புழுவு அத்த. அல்லாத்தையும் வெட்டிட்டோம்!”

“அது புழுவு இல்லடி, அதுக்குச் சோறு! வெறும் மணல்ல இன்னா கீது துன்றதுக்கு? காத்துல கீற சத்தப் புடிச்சி மரத்துக்குக் குடுக்கிறதே அந்த முண்டுதான். மொத்தமா பட்டினி போட்டுட்டியே!”

நான் அழ ஆரம்பித்தேன். அத்தைக்கு அதைக் கேட்க நேரமில்லை. வெட்டிய மரங்களின் வேரிலும் அதே முண்டு உண்டு. அதை நசுக்கித் தண்ணீரில் கரைத்து நாற்றின் வேரை நனைத்தால் பிழைக்கும் என்றாள். ஆனால் அன்று பத்து மணிக்கு ஜேசிபி வருகிறது. கட்டைகளைப் பெயர்த்து விறகு லாரியில் ஏற்றிவிட்டால் முண்டும் அதோடு போய்விடும். அப்போதே மணி ஒன்பதரை.

தோப்புக்கு ஓடினோம். தம்பியைத் தெருமுக்கு டீக்கடைக்கு இரண்டு வாளி வாங்கிவர அனுப்பினாள் அத்தை. ஜேசிபிக்காகக் காத்திருந்த அப்பா அங்கேதான் இருந்தார். எதற்கு வாளி என்று அவர் கேட்டதாகவும், தான் ஒன்று விடாமல் சொல்லிவிட்டதாகவும் தம்பி வந்து சொன்னபோது அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். எதிரிக் கட்சிக்கா உளவு சொல்வது?

மூவரும் மண்டியிட்டு ஈரமணலைப் பறித்தோம். ஒவ்வொரு முண்டுக் கொத்துக்கும் தம்பி விசிலடித்தான். கை முழுக்கச் சவுக்குச் சருகின் புளித்த வாசனை. பத்தானது, பத்தரையானது, ஜேசிபியைக் காணோம். பதினொன்றரைக்கு இரண்டு வாளியும் நிறைந்த பிறகுதான் அது உறுமிக்கொண்டு வந்தது. ஓட்டுநர் எரிச்சலில் இருந்தார்.

“இன்னாம்மா உங்க வூட்டு அண்ணாத்த! ஒம்போதே முக்காலுக்கே டீக்கடையாண்ட வந்துட்டேன். குந்து குந்துன்னு நாலு டீ, அதுக்கு மேல நாஸ்தா. ஒரே பேஜாரு!”

எங்களுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. நசுக்கிக் கரைத்து, பதினோரு கட்டின் வேரையும் நனைத்து, மறுநாளே நட்டு முடித்தோம். ஐப்பசி மழை இறங்கியது. மார்கழிக் கடைசியில் எல்லாக் கன்றும் கரும்பச்சையாக நின்றன. அப்பா அதே டீக்கடையில் எல்லார் எதிரிலும், “தோத்துட்டேன்பா” என்று உரக்கச் சொன்னார். தோற்றவர் ஏன் அத்தனை உற்சாகமாக டீ வாங்கிக் கொடுத்தார் என்பது எனக்கு விளங்கவில்லை.

அன்று நோட்டுப் புத்தகத்தில், தேதி போட்டு, இப்படி எழுதினேன்: “அப்பா டீ குடித்து நேரத்தை வீணாக்கியதால் நாங்கள் ஜெயித்தோம்.” தோற்பதற்கும் ஒருவர் பாடுபடுவார் என்று எனக்கு அப்போது தெரியாது.