ஊசிப்பாலை பூத்த வெள்ளிக்கிழமை

1988 மழைக்காலத்தில் நான் ஒரு புதிய செடியைக் கண்டுபிடித்தேன். அதாவது, கண்டுபிடித்துவிட்டதாக ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஹில்டா. பட்டாபிராமில் வீடு, பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. ஒருநாள் ரயிலுக்குப் போகும் வழியில், தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் கோரைப்புல்லைச் சுற்றிக்கொண்டு ஒரு கொடி. இலை ஊசி மாதிரி. பூ சின்னக் கிண்ணம் மாதிரி, வெளியே வெள்ளை, உள்ளே இளஞ்சிவப்பில் ஊதாக் கோடுகள். கிள்ளினேன். கையெல்லாம் பால் வடிந்தது. அந்தப் பாலோடு அறிவும் கொஞ்சம் வடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ரயிலில் எதிரே கீரைக்கூடையோடு அங்கம்மா உட்கார்ந்திருந்தாள். தினமும் வருகிறவள்.

"இன்னாம்மா, ஊசிப்பாலைய இத்தினி பத்திரமா எத்துகினு போறே? எங்க ஏரிக்கரை பூரா இதான் கீது."

"இது வேற, அங்கம்மா. இது வெளிநாட்டுக் கொடி" என்றேன். ஆவடி நூலகத்துத் தோட்டக்கலைப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டியவள் நான். அதிலிருந்த மெழுகுப்பூக் கொடியின் படம் கிட்டத்தட்ட இதேபோல் இருந்தது. 'கிட்டத்தட்ட' என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை. கொஞ்சநாள் கழித்து, இலை ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. நான் தப்பு என்று தோன்றவேண்டிய இடத்தில், இது உலகத்துக்கே புதிய செடி என்று தோன்றியது. அலுவலக டைப்ரைட்டரிலேயே, செடி ஆராய்ச்சி செய்யும் ஓர் அரசு அலுவலகத்துக்குக் கடிதம் அடித்து, காய்ந்த பூ ஒன்றையும் வைத்து அனுப்பினேன். 'ஹில்டென்சிஸ்' என்று பெயர் வைக்கலாம் என ஒரு யோசனையும் சொல்லியிருந்தேன், அடக்கமாக, கடைசி வரியில்.

பதில் வரும்வரை கொடியை வளர்த்தேன். புத்தகம் சொன்னபடி மணல் கலந்த மண், வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர். செத்தது. மறுபடி பள்ளத்தில் இறங்கி, புடவையில் சேறு பூசிக்கொண்டு இன்னொரு துண்டு கொண்டுவந்தேன். அதுவும் செத்தது.

என் கணவர் ஜேசுராஜ் கேட்டார். "ஹில்டா, அது பள்ளத்துல தண்ணிக்குள்ள நல்லா இருந்துச்சு. இங்க எதுக்குக் காயப் போடுற?"

"உங்களுக்குச் செடியைப் பத்தி என்ன தெரியும்?"

பதினொரு மாதம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. தாங்கள் அனுப்பியது ஊசிப்பாலை. குளம், வாய்க்கால் ஓரங்களில் பரவலாகக் காணப்படுவது. நன்றி.

கடிதத்தை மடித்துப் பைபிளுக்குள் வைத்தேன். வேறெங்கு வைத்தாலும் ஜேசுராஜ் படித்துவிடுவார். ஓட்டையில்லாத பழைய பிளாஸ்டிக் டப்பில் சேறு நிரப்பி, குழாயடியில் வைத்து, மூன்றாவது துண்டை நட்டேன். ஒரே மாதத்தில் துணிக்கொடிவரை ஏறிவிட்டது.

1990 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, முதல் மொட்டு விரியத் தொடங்கியது. பார்க்காமல் போக மனசு வரவில்லை. மருந்துக்கடை போனிலிருந்து மேனேஜர் சம்பத் சாரைக் கூப்பிட்டேன். லைன் கரகரவென்றது.

"சார், வீட்ல ஊசிப்பாலை பூத்துடுச்சு. அரை நாள் லீவு வேணும்."

"யாரு? வீட்டுப் பிள்ளையா? அடடா, ரொம்ப சந்தோஷம்மா! அரை நாள் என்ன, முழு நாளே எடுத்துக்கோங்க!"

செடிக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் மனிதரா என்று கண் கலங்கிவிட்டேன்.

மறுநாள் மாலை சம்பத் சாரும் அலுவலகத்துப் பெண்கள் நான்கு பேரும் தாம்பாளத்தோடு வாசலில் நின்றார்கள். மஞ்சள், பூ, ஒரு சீப்பு வாழைப்பழம், பச்சைப் பட்டுப் பாவாடைத் துணி. எனக்கு இரண்டு பையன்கள்தான். பெரியவன் கதவைத் திறந்தவன் திறந்தபடியே நின்றான்.

"எங்கம்மா பொண்ணு?" என்றார் சம்பத் சார்.

என்ன நடந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. கரகரத்த லைனில் பாலை பிள்ளையாகி, பிள்ளை வயசுக்கும் வந்துவிட்டிருக்கிறாள். பின்பக்கம் கூட்டிப்போய் டப்பைக் காட்டினேன். ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள். ஜேசுராஜ் சிரிப்பை அடக்கமுடியாமல் காபி போடுவதாகச் சொல்லி உள்ளே ஓடினார்.

சம்பத் சார் குனிந்து பூவை ரொம்ப நேரம் பார்த்தார். "லட்சணமாத்தான் இருக்கு" என்றார் கடைசியில்.

பாவாடைத் துணியைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை. திங்கட்கிழமை அலுவலகம் முழுக்க என் 'பொண்ணை' விசாரித்தது. ஒரு மாதம் நான் தலை நிமிரவில்லை. வீட்டிலிருக்கும்போது மட்டும் குழாயடிக்குப் போய் மொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.