கற்பூரம் எரியாத அறை

2002-ம் வருஷக் கோடை. அமெரிக்காவில், டெக்ஸாஸ் பிளானோவில் மகன் வீட்டில் இருந்தேன். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, தனியாகக் கிடக்க வேண்டாம் என்று கூட்டிப் போயிருந்தான். நான் போய் இறங்கிய மாதமே அவனுக்கு வேலை போய்விட்டது. டெலிபோன் சாமான் செய்கிற கம்பெனி. அந்தத் தெருவில் பலருக்கும் அதே கதிதான்.

பேச்சை நிறுத்திவிட்டான். சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலும் எடுப்பதில்லை. அவன் எழுந்து நடமாடியது பீருக்காக மட்டும்தான். கராஜை ஒட்டிய சின்ன அறையில் அவனே காய்ச்சுவான். நான் லாரி ஓட்டியவன், பார்க்காத சரக்கில்லை. ஆனால் சரக்கைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்கிறதை அங்கேதான் கண்டேன். டிரம்மில் புளித்ததை இரும்பு கேனுக்கு மாற்றும்போது வெளிக்காற்றே படக்கூடாதாம். அதற்கென்று ஒரு பெரிய சிலிண்டர், டியூப், மூடி எல்லாம் வைத்திருந்தான். சோடாவுக்கு அடைக்கிற அதே கேஸ்தான். அது தள்ளத் தள்ள பீர் கேனுக்குள் போகும்.

"ஏன்டா, சும்மா சாய்ச்சு ஊத்தினா ஆகாதா?"

"காத்து பட்டா கெட்டுடும்ப்பா. இதாவது கெடாம இருக்கட்டும்."

கேன் மூடியைத் துடைத்து அவனிடம் எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமையானால் லாரிக்குக் கற்பூரம் காட்டிய பழக்கம் எனக்கு. அங்கேயும் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அறை அறையாகக் காட்டிக்கொண்டே வந்தேன்.

"சரக்கு ரூமுக்குமா மாமா? சாமி டென்ஷன் ஆயிடப் போறார்" என்றாள் மருமகள்.

"அவருக்குத் தெரியாத சரக்காம்மா?"

சிரித்தாள். பாவம், அவள் சிரித்து எத்தனை நாளாயிற்றோ.

ஏ.சி. குளிர்ச்சி போகாமல் இருக்க அந்த அறைக் கதவை இறுக்கச் சாத்தியிருந்தான். திறந்தேன். டிரம்மில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். உஸ்ஸென்று சத்தம். மிஷின் ஓடுகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து தட்டைக் கீழே வைத்தேன். கற்பூரம் அணைந்தது. தீக்குச்சி கிழித்துக் கீழே கொண்டுபோனேன். அதுவும் அணைந்தது. இன்னொன்று கிழித்தேன். அதுவும் போச்சு.

சாமியும் இந்த வீட்டைக் கைவிட்டுவிட்டதா என்றுதான் முதலில் தோன்றியது. அப்போதுதான் எங்கள் ஊர்ப் பாழுங்கிணறு ஞாபகம் வந்தது. தூர் வாருமுன் அரிக்கேன் விளக்கை இறக்குவோம். விளக்கு அணைந்தால் ஒருத்தரும் இறங்கமாட்டோம். கீழே விஷக்காற்று.

"டேய்!" என்று கத்தினேன். அசையவில்லை. அதற்குள் எனக்கே மேல்மூச்சு வாங்கியது. சத்தம் கேட்டு மருமகள் ஓடி வந்தாள். சட்டையைப் பிடித்து இருவருமாகக் கராஜ் வழியாகத் தெருப்பக்கம் இழுத்துப் போட்டோம். சிலிண்டர் பக்கம் டியூப் கழன்று, கேஸெல்லாம் அறைக்குள் நிறைந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

முகத்தில் தண்ணீர் அடித்ததும் கண் திறந்தான். இருமினான். என்னைப் பார்த்து, "ஏம்ப்பா இழுத்தீங்க? பாதி பீர் உள்ளயே நிக்குது" என்றான்.

மருமகள் அவனை அறையக் கை ஓங்கினாள். முடியாமல் அவன் மேலேயே விழுந்து அழுதாள்.

வேறு வேலை கிடைக்கவில்லை. மூன்று பேரும் ஊர் திரும்பிவிட்டோம். இன்று அவன் ஏதோ ஒரு ஆபீசுக்குப் போகிறான், வருகிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான். ஆனாலும் உயிர் திரும்பிய அந்த நிமிஷம் தன் உயிரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. அந்த அறையிலிருந்து அவனை இழுத்துவிட்டேன். அந்த மனசிலிருந்து இழுத்தேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.