டிரைவர் வைத்த சாம்பார்

கோவில்பட்டியில் எங்கள் மாடி வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் குடியிருந்தார். பெரிய மீசை. சமைக்கும்போதும் காக்கிச் சட்டையைக் கழற்ற மாட்டார். ஒருநாள் மேலிருந்து குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க!"

கழுகுமலைக்குப் போயிருந்த அவர் மனைவி, சம்பந்தி வீட்டாரோடு மதியம் வருகிறாராம். முழுச் சாப்பாடும் தன் பொறுப்பு என்று இவர் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். சோறு, ரசம், கத்திரிக்காய் வதக்கல் எல்லாம் மணத்துக்கொண்டு தயாராக இருந்தன. சாம்பாருக்குப் போட்ட பருப்பு மட்டும் வேகவே இல்லை.

"மூணு விசில் விடணும். ஆனா கண்டக்டர் ஒரு விசில் அடிச்சா பஸ்ஸ நிப்பாட்டியே பழகிட்டேன்லா! முதல் விசில் கேட்டதும் கை தானா அடுப்ப அணைச்சிருது. அவ இருந்தா பக்கத்துல நின்னு ரைட் கொடுப்பா. இன்னைக்கு நீங்க கொடுங்க."

குக்கரை மறுபடி ஏற்றினார். முதல் விசில் வந்ததும் அவர் கை அடுப்புத் திருகுக்குப் பாய்ந்தது.

"ரைட், போலாம்!" என்று கத்தினேன். கை அப்படியே நின்றது. இரண்டாவது விசிலுக்கும் கத்தினேன். மூன்றாவதற்கு வாயை மூடிக்கொண்டேன், அடுப்பு அணைந்தது. பருப்பு குழைந்திருந்தது.

பந்தியில் எனக்கும் ஓர் இலை போட்டார். சம்பந்திகள் புகழப் புகழ, மீசையைத் தடவிக்கொண்டாரே தவிர என் பக்கம் திரும்பவே இல்லை. பரிமாற வந்த மனைவி, சாம்பாரைக் கரண்டியில் அள்ளி, பருப்பை உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் வெந்திருக்கு. ரைட் கொடுத்தது யாரு?"