கோயில் மதிலோரம் கேட்ட சொல்

போருக்குப் போன கணவன் திரும்ப வேண்டுமென்று அந்தக் காலத்துப் பெண்கள் ஊர்க்கோயிலில் நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கைகூப்பி நிற்பார்களாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் பேச்சில் முதலில் காதில் விழுவது நல்ல சொல்லானால் போனவன் வந்துவிடுவான். விரிச்சி கேட்பது என்று அதற்குப் பெயராம். போடியில் ஒரு புலவர் பழைய பாட்டுக்குப் பொருள் சொன்னபோதுதான் அந்தப் பெயர் எனக்குத் தெரிந்தது. நாங்கள் அதைச் செய்ததோ இருபது வருஷம் முன்பே.

என் வீட்டுக்காரர் ஆவணியில் ஏலக்காய் பறிக்க மலையேறினார். தையில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை, இன்றுவரை இல்லை. காய்ச்சலில் படுத்திருந்தார், அப்புறம் ஆளைக் காணோம் என்றார்கள். தேடிப் போனவர்களும் வெறுங்கையோடு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் பொழுது சாயும்போது மாமியார் என்னை இழுத்துக்கொண்டு அடிவாரத்து அம்மன் கோயிலுக்குப் போவார். நெல்லைத் தூவிவிட்டு மதிலோரம் கண்ணை மூடி நிற்போம். எங்களுக்கு வாய்த்ததெல்லாம் உருப்படாத பேச்சு. ஒரு வாரம், "எண்ணெ தீந்துபோச்சு" என்றார் பூசாரி. மறுவாரம் யாரோ ஒருத்தி, "அது இனிக் கெடைக்காது, விடு" என்றாள். அன்றிலிருந்து மாமியார் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அம்மன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஒரு நல்ல வார்த்தைக்கா இவ்வளவு பஞ்சம்?

கோயில் வாசலில் பூக்கட்டும் அக்காவிடம் போய், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிவைத்தேன். அவள் பயந்தாள்.

"சாமி காரியத்துல வெளையாடாத ஆத்தா."

"அத்தை ஒரு வாய் சோறு திங்கணும்க்கா. அம்புட்டுத்தான்."

அந்த வெள்ளிக்கிழமை மதிலுக்கு அப்பாலிருந்து அவள் குரல் கேட்டது. "வெரசா வாடி, அவுக வந்துட்டாக. ஒலை வைக்கணும்."

மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்தார். "கேட்டியா?"

"கேட்டேன், அத்தை."

வீட்டுக்கு வந்ததும் மகனுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு வைத்தார். தானும் நாலு வாய் சாப்பிட்டார். எனக்கு வேண்டியது அதுதான். நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம்.

உட்காரவில்லை. அந்தப் பேச்சை ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஆனாலும் முகம் கழுவினேன், தலை சீவிப் பூ வைத்தேன், நல்ல சேலையாக எடுத்துக் கட்டினேன். வாசலுக்கு வந்து மலைப்பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வர்றானா?" என்று உள்ளேயிருந்து மாமியார் கேட்டார்.

"வந்துக்கிட்டிருப்பாக, அத்தை" என்றேன். அதை நான் பொய்யாகச் சொல்லவில்லை.